நூற்றுக்கு நாலு குறைய

படிவத்தில் தொண்ணூற்றாறு என்று இருந்தது. கிளறா அந்த எண்ணை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தாள்.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் ஒரு மூன்றாம் மாடி. எதிரே கட்டட அளவையாளரான இத்தாலியப் பெண். கடலோர ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன்வலை அடுக்கிக் கிடந்த பழைய கிட்டங்கியைத் தமிழ்ச் சங்கம் மண்டபமாக்கப் போகிறது. ஆட்கள் கூடும் புது இடம் ஒன்று வந்தால், அங்கே நெருப்புப் பற்றும்போது ஓடிவரவேண்டிய வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் நகரம் செய்யும் ஏற்பாட்டில் அந்த இடமும் பங்கு தரவேண்டுமாம். பரப்பளவையும் ஆட்தொகையையும் வைத்துக் கட்டணம் போடுவார்கள். சங்கத் தலைவி என்று கையெழுத்திட வேண்டியவள் கிளறா.

"இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று இத்தாலியனில் கேட்டாள்.

"உங்கள் அக்காவின் கணவர் தந்தது. நூற்றைத் தாண்டாதது உங்களுக்கு நல்லதுதான். கட்டணம் குறைவு, தீயணைப்புத் துறையின் அனுமதியும் தேவையில்லை. தாண்டினால் இரண்டாவது கதவு வேண்டும், எச்சரிக்கை மணி வேண்டும்."

"எண் பிழையென்றால்?"

அளவையாளர் கண்ணாடியைக் கழற்றினாள். "கையெழுத்து வைத்தவர் பொய் சொன்னதாக ஆகும். அது குற்றம், சினியோரா. எத்தனை பேரை வெளியே இழுக்க வேண்டும் என்று தீயணைப்புக்காரருக்குத் தெரிய வேண்டாமா?"

நாளைக்குத் தருகிறேன் என்று படிவத்தை வாங்கிக்கொண்டு கிளறா இறங்கினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவளுடைய குடியுரிமை விண்ணப்பம் இரண்டு வருடமாக நிலுவையில் இருக்கிறது. ஒரு வழக்கு வந்தால் போதும், அது முடிந்தது. டெனிஸ்டன் அத்தானுக்கு இது தெரியும். போன மடுமாதா திருநாளுக்குக் கோயில் மண்டபத்தில் இடமில்லாமல் படிக்கட்டில் நின்று சாப்பிட்டவர்களே தொண்ணூறு பேர் இருப்பார்கள். அதுவும் அவருக்குத் தெரியும். நூற்றுக்குச் சரியாக நாலு குறைய ஓர் எண் தானாக வந்து விழுமா?

மாசி மாதக் கூட்டம் நினைவுக்கு வந்தது. "கிளறாவுக்குத்தான் பாஷை நல்லா ஓடும், அவவைத் தலைவியாப் போடுவம்" என்று முதலில் கை தூக்கியவர் அத்தான்தான். எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பொய் எண்ணுக்குக் கையெழுத்து வைக்க ஓர் ஆள் வேண்டுமென்றுதானா? இப்போது அந்தச் சிரிப்பை நினைக்கக் கூசியது. சந்தேகம் ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்ததும் பழைய சங்கதிகள் ஒவ்வொன்றாக எழும்பி அதற்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. அவர் அடுப்படிவரை வந்து தேத்தண்ணீர் நல்லாயிருக்கு என்று சொன்னதுகூட. அப்படிச் சந்தேகப்படுவதில் ஒரு சுகமும் இருந்தது. அதை அவள் கவனித்தாள், ஆனால் நிறுத்தவில்லை.

கிட்டங்கிக்குள் டெனிஸ்டன் ஏணியில் நின்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தலைமுடியெல்லாம் சுண்ணாம்பு.

"என்ன பிரெசிதெந்தே, வேலை பாக்க வந்தனீங்களோ, வேவு பாக்க வந்தனீங்களோ?"

"இறங்குங்கோ அத்தான். தொண்ணூற்றாறு எண்டு எப்பிடிப் போட்டனீங்கள்?"

"எண்ணித்தான் போட்டனான்."

"ஆரை எண்ணினனீங்கள்?"

"எங்கட ஆக்களை. வேற ஆரை, மொரீஷியஸ்காரரையோ?"

இறங்கி வந்து கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து நீட்டினார். பங்குக் கோயிலின் வரிசைக் கொப்பி. திருநாள் உபயம், செபமாலை முறை எல்லாம் அதை வைத்துத்தான் பிரிப்பார்கள். வீட்டுக்கு ஒரு வரி, வரிக்கு ஓர் ஆம்பிளையின் பெயர். அருளையா, கிறிகோரி, அருளம்பலம். இருபத்திரண்டாவது வரியில் அவள் கணவன் சுஜீவன். கடைசி வரி தொண்ணூற்றாறு.

கிளறா தாள்களை முன்னும் பின்னும் புரட்டினாள். அவள் அதில் இல்லை. அக்காவும் இல்லை. ஒரு பிள்ளைகூட இல்லை.

"இது குடும்பக் கணக்கு, அத்தான். அவை கேட்டது எத்தனை உயிர் எண்டு."

டெனிஸ்டன் கொப்பியைப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்தது. எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் இத்தனை குடும்பம் என்று சொல்லியே பழகிய மனிதர். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. அது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கையிலிருந்த எதையோ யாரோ பறித்துக்கொண்டதுபோல் இருந்தது.

"சரி," என்றார் அவர் மெல்ல. "அப்ப கிடக்கட்டும்."

"என்னது கிடக்கட்டும்?"

"நான் வேணுமெண்டு செய்யேல்லை பிள்ளை. மாதாவே பாத்துச் செய்த பிழையாக்கும். கையெழுத்தை வை. ஆர் இஞ்சை வந்து தலையை எண்ணப் போறான்?"

அரை நிமிஷத்துக்கு முன்பு வெறும் பிழையாக இருந்தது, அவர் வாயிலிருந்து 'கிடக்கட்டும்' என்ற சொல் வந்ததும் பொய்யாகிவிட்டது. கிளறா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். நீளமான அறை. தெருப்பக்கம் மட்டும் ஒரு கதவு.

கவிழ்த்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். "அருளையா வீடு?"

"உனக்கென்ன விசரோ? இரண்டாவது கதவு உடைக்க எவ்வளவு காசு முடியும் தெரியுமோ? மண்டபம் இந்த வருஷம் சரிவராது."

"அருளையா வீடு, அத்தான்?"

அவர் சுரண்டியைக் கையில் எடுத்தார், பிறகு கீழே வைத்தார்.

"ஐஞ்சு," என்றார் சுவரைப் பார்த்தபடி.

"கிறிகோரி?"

"மூண்டு."

தொண்ணூற்றாறு வீடும் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. முந்நூற்றுப் பதினெட்டு. அவள் படிவத்தில் பழைய எண்ணை வெட்டிப் புதியதை எழுதினாள்.

"நான் களவு செய்தன் எண்டு நினைச்சுத்தானே வந்தனீ?"

இல்லை என்று சொல்வது எளிது. அக்காவை நினைத்தாவது சொல்லலாம்.

"ஓம்," என்றாள்.

அவர் தலையாட்டினார். ஏணியைத் தூக்கி அடுத்த சுவரில் சாத்திவிட்டு, திரும்பாமலே சொன்னார்: "அருளையாவின்ர மகளுக்குப் போன கிழமை பிள்ளை பிறந்தது. ஆறு எண்டு போடு."

மனம் மாறிச் சொன்னாரா, அவளைக் குத்துவதற்குச் சொன்னாரா, கிளறாவுக்குத் தெரியவில்லை. பதினெட்டின் எட்டை வெட்டி ஒன்பதாக்கிக் கையெழுத்து வைத்தாள்.