இரண்டாவது பூட்டு

பழுது பார்த்த லிஃப்டில் முதலில் ஏறிப் பார்ப்பது என் தம்பிதான். எட்டு வருடமாக என்னோடு வேலை பார்க்கிறான், ஒருநாளும் தயங்கியதில்லை. அன்று ஏறமாட்டேன் என்றான்.

“பிரேக் கட்டை தேஞ்சிருக்குக்கா. மாத்தியே ஆகணும்.”

“போன வாரம் நான்தானேடா பாத்தேன்? நல்லாத்தான் இருந்துச்சு.”

“நீ கண்ணால பாத்தே. நான் அளந்து பாத்தேன்.”

எனக்குச் சுருக்கென்றது. தொழிலில் அவனைவிடப் பத்து வருடம் மூத்தவள் நான். அவனோ மெயின் சுவிட்சை அணைத்து, தன் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பூட்டியவர்தான் திறக்க வேண்டும், எங்கள் வேலையில் அது சட்டம்.

லிஃப்ட் இன்று ஓடாது என்று தம்பி போனில் சொல்ல, குடியிருப்பின் செயலாளர் ஒன்பது மாடி ஏறி, மொட்டைமாடி மோட்டார் அறைக்கு மூச்சு வாங்க வந்து நின்றார்.

“சாயங்காலம் வீட்டுக்கு ஆளுங்க வராங்கம்மா. தம்பி பிடிவாதம் பிடிக்கிறாரு. நீங்க பெரியவங்க, சொல்லித் திறக்கச் சொல்லுங்க.”

அளவுகோலை வாங்கி நானே அளந்தேன். கட்டை இருக்க வேண்டிய தடிமனைவிட இரண்டு மில்லிமீட்டர் குறைவு. வீட்டில் டிவி ரிமோட்டுக்காக என்னோடு மல்லுக்கு நிற்கிறவன், அந்த மனிதர் முன்னால் என் தவறைப் பற்றி மூச்சு விடவில்லை. பழியைத் தன் பிடிவாதத்தின் மேலேயே போட்டுக்கொண்டு நின்றான்.

பையிலிருந்து என் பூட்டை எடுத்து, அவன் பூட்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

“போன வாரம் தப்பாப் பாத்தது நான்தான் சார். கட்டையை மாத்துற வரைக்கும், அவனே திறந்தாலும் நான் திறக்கமாட்டேன்.”