முதல் ஆளுக்கு அபராதம் இல்லை

ஐஸ் கம்பெனியின் வாசலில், விலைப் பலகை தொங்கும் இடத்தில் நின்று ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அரசாங்க அடையாள அட்டை. முதலாளி ஓடி வந்தார்.

"கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற ஐஸ் கம்பெனியும் உங்களுதா?"

"இல்லீங்க. என் மச்சானோடது. வீட்டுக்காரியோட அண்ணன்."

"ஓ, சொந்தக்காரங்களா!" வந்தவர் சிரித்துவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

முதலாளி திரும்பி விலைப் பலகையைப் பார்த்தார்.

ஐஸ் செய்வதில் ரகசியம் ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் உறையும் குளிரிலும் உறையாமல் இருக்கும். அந்த உப்புத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி, இயந்திரத்தால் குளிர வைத்து, அதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றிய தகர டின்களை இறக்குவார்கள். டின்னுக்குள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல உறையும். இவர் டின்னில் வருவதும் மச்சான் டின்னில் வருவதும் ஒரே கட்டிதான். ஆகவே வாங்க வருகிறவன் விலையை மட்டுமே பார்ப்பான். ஒரு காலத்தில் இருவரும் போட்டி போட்டு விலையைக் குறைத்து, கரண்ட் பில் கட்டக்கூட வழியில்லாமல் நின்றார்கள். அப்போது இவர் மனைவிதான் இருவரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். கை கழுவுவதற்குள் ஒரே விலை முடிவானது. அதன்பின் இரு பலகைகளிலும் ஒரே நாளில்தான் எண் மாறும்.

அது குற்றம் என்று அன்று மாலை ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்தது.

"போட்டிக்காரங்க ரெண்டு பேர் பேசி வெச்சு ஒரே விலை போட்டா, வாங்குறவனுக்கு வேற போக்கிடமே இல்லாம போயிடுதுல்ல? அதான் சட்டம். அபராதம் வந்தா உங்க கம்பெனி தாங்காது சார்."

"சாப்பிடுறப்போ பேசினதுக்கு யாரு சார் சாட்சி?"

"அதுக்கும் வழி வெச்சிருக்காங்க. இதையெல்லாம் விசாரிக்கிற போட்டி ஆணையத்துல போய் முதல்ல ஒத்துக்கிற ஆளுக்கு அபராதமே இல்ல. ரெண்டாவதா வர்றவருக்குப் பாதி. பூட்டை ஏன் உடைக்கணும்? உள்ள இருக்கிறவனே திறந்து விட்டுடுவான்."

நன்றாகச் செய்த இயந்திரத்தைப் பார்ப்பதுபோல முதலாளி ஒரு கணம் வியந்தார். தன் கைதான் அதற்குள் மாட்டியிருக்கிறது என்பது அடுத்த கணம்தான் உறைத்தது.

மறுநாள் மச்சானின் கம்பெனி முன்னால் வக்கீலின் கார் நின்றது. மச்சான் போன் செய்தார். இவர் எடுக்கவில்லை. பேச்சைப் பதிவு செய்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால்? மறுபடியும் அடித்தது. இத்தனை அவசரமாகப் பேச வைக்கப் பார்க்கிறான் என்றால், சந்தேகமே இல்லை.

"எங்கண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்ல," என்றாள் மனைவி.

"அப்போ வக்கீல் எதுக்கு? ஐஸ் வாங்கவா?"

"நீங்க எங்கயாவது வெளியூர் போனீங்களான்னு என்கிட்ட கேட்டான். போனை எடுக்கலையேன்னு கேட்டிருப்பான்."

"பாத்தியா? நான் முந்திட்டேனான்னு வேவு பாக்குறான்!"

"உங்களுக்கு இருட்டுல கயிறு கிடந்தாலும் பாம்புதான்."

விடிந்ததும் அவர் முதல் பஸ் பிடித்தார்.

ஆணையத்தின் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. அதிகாரி ஒரு பெண். முதலாளி சொன்னதையெல்லாம் பொறுமையாகத் தட்டச்சு செய்து, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்.

"நான்தானே முதல் ஆளு மேடம்?"

"ஆமா, நீங்கதான்."

"படம் எடுத்துட்டுப் போனாரே, அவர் அறிக்கை குடுத்துட்டாரா?"

"எந்தப் படம்? எங்க ஆளுங்க யாரும் உங்க பக்கம் வரலையே. உங்க தொழில் பத்தி எங்ககிட்ட ஒரு புகார்கூட இல்ல. இருங்க, இப்போ இருக்கு."

முதலாளி படியிறங்கி வந்தார். வாசலில் நின்று மச்சானை அழைத்தார்.

"அப்பாடா, உயிரோட இருக்கியா மாப்ளே! எத்தனை தடவை அடிக்கிறது? தொட்டியைக் கழுவி உப்புத் தண்ணியைக் கால்வாய்ல விடுறோம்ல, அதுக்கு மாசுக் கட்டுப்பாட்டுக்காரங்க நோட்டீஸ் குடுத்திருக்காங்க. உன் வாசல்லயும் பலகைக்குக் கீழ சாக்கடை வாயைப் படம் எடுத்தாங்களாமே? வக்கீலைப் பாத்துட்டேன். சுத்திகரிக்கிற தொட்டி ஒண்ணு கட்டினா போதுமாம். ரெண்டு பேரும் சேர்ந்தே கட்டிடலாம்."

முதலாளி வாசல் படியில் உட்கார்ந்தார். பிறகு மெல்ல, எதையும் விடாமல், எல்லாவற்றையும் சொன்னார்.

மறுமுனையில் மச்சான் கம்ப்ரசரின் இரைச்சலை விட்டு வெளியே வருவது கேட்டது.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டுட்டேன் மச்சான்."

"முதல் ஆளுக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டாவது ஆளுக்குப் பாதி. அப்படித்தானே?"

"ஆமா."

"அங்கேயே இரு."

அவர் வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். உச்சிவெயிலில் மச்சானின் வண்டி வந்து நின்றது. இவர் எழுந்தார். மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார், இவரைப் பார்க்கவில்லை.

"எந்த மாடிங்க?" என்று கேட்டார், வழி கேட்பவரைப்போல.

"மூணாவது, மச்சான்."

அவர் படியேறிப் போனார்.