வெளியில் நிற்கும் ஐந்து பேர்

எல்விரா போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். பந்தலுக்குக் கீழே சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேரும், அவர்கள் காலடியில் ஒரு நாயும்தான் இருந்தார்கள்.

"இங்க யாரையும் காணோமேப்பா. எந்தப் பக்கம் நிக்கிறீங்க?"

"வாசல்லதான் அண்ணி. அஞ்சு பேரும் திங்கக்கிழமையிலேருந்து நிக்கிறோம். கதவு தெறக்கமாட்டேங்குது."

"கதவு தெறந்துதானே கெடக்கு? சாவு வீட்டுல எவனாவது கதவைச் சாத்துவானா?"

மறுமுனையில் இருந்தவன் தன் பெயர் ரோமெல் என்றான். ஹெர்மோ அண்ணன் கப்பலில் சமையல்காரராக இருந்தபோது அதே கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டவன். இப்போது வேறொரு கப்பலில், ஜப்பானுக்குப் போகும் வழியில் நடுக்கடலில் இருக்கிறானாம்.

நடுக்கடலில் இருப்பவன் இலோய்லோவில் என் வாசலில் எப்படி நிற்பான் என்று எல்விராவுக்குப் புரியவில்லை. ஐந்து நாளாகச் சரியான தூக்கம் இல்லை. புரியாதது தன் குற்றமா அவன் குற்றமா என்றே தெரியவில்லை. ஹாலில் அவள் புருஷன் ஹெர்மோ சவப்பெட்டிக்குள் வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தார். கைகளில் சுற்றியிருந்த ஜெபமாலையை, சாவு இந்த வீட்டில் சங்கிலியாகத் தொடரக்கூடாதென்று பிலிப்பைன்ஸ் வழக்கப்படி யாரோ அறுத்து வைத்திருந்தார்கள். இரண்டு மணிக்குப் பெட்டியைத் தூக்கிவிடுவார்கள். மணி பதினொன்றரை.

"அண்ணன் ரூம்ல இருக்கிற கம்ப்யூட்டர் இன்னும் ஓடுதா அண்ணி?" என்று கேட்டான் ரோமெல்.

அப்போதுதான் அவளுக்குக் கொஞ்சம் விளங்கியது. இவன் சொல்வது ஹெர்மோ கம்ப்யூட்டரில் ஆடும் விளையாட்டின் வாசலை.

அந்த ரூம்! சமையலறைக்குப் பின்னால் அரிசி மூட்டை போட்டுவைக்கக் கட்டியது. ஹெர்மோ கப்பல் வேலையை விட்டு வந்த எட்டு வருஷமாக, மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். உள்ளே இருக்கும்வரை ஒரே சிரிப்பு, பேச்சு. மேஜைக்கு வந்ததும் வாயில் கொழுக்கட்டை. முப்பது வருஷம் ஊருக்கே சமைத்துப் போட்ட மனுஷன், அவள் சமையலை ஒரு நாள் நன்றாக இருக்கிறது என்றதில்லை. நன்றாக இல்லை என்றும் சொன்னதில்லை. போடுவதைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு வீட்டுப் போன் அடித்தது. ஒரு பெண் குரல். அந்த ரூமிலிருந்து தினமும் கேட்கும் சிரிப்புக்குச் சொந்தக்காரி. "அண்ணி, அண்ணன் பேச்சு பாதியில நின்னுபோச்சு, போய்ப் பாருங்க" என்று ஹாங்காங்கிலிருந்து கத்தினாள். எல்விரா அப்போது பத்தடி தூரத்தில் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள். கட்டினவளுக்குத் தெரியாமல் கடல் தாண்டி ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. அழுவதா, கோபப்படுவதா என்று தெரியாமல் அன்றிலிருந்து அவள் இரண்டையும் செய்யாமல் இருந்தாள்.

"ஓடுதா இல்லையான்னு எனக்கென்ன தெரியும்? எழவு விழுந்த வீட்டுல இப்ப விளையாட்டு ஒண்ணுதான் குறைச்சல்."

"விளையாட இல்லண்ணி. காவலுக்கு." ரோமெலின் குரல் இறங்கிவிட்டது. "அண்ணன் அவர் கம்ப்யூட்டர்ல ஓடுற விளையாட்டுக்குள்ள, படகுத்துறையில நின்னுக்கிட்டிருந்தப்பதான் போனார். அவர் உருவம் இன்னும் அங்கயேதான் நிக்குது, யாரும் வெளிய எடுக்கல. செத்தவங்களைத் தனியா விடக்கூடாதுல்ல? கப்பல் வாட்ச் மாதிரி நாலு மணி நேரத்துக்கு ஒருத்தர்னு மொறை போட்டுக்கிட்டு அஞ்சு பேரும் பக்கத்துலயே நின்னோம். திங்கக்கிழமை மத்தியானம் மெர்லி மொறை. திடீர்னு அவளை வெளிய தள்ளிருச்சு, அப்புறம் எங்க யாராலயும் உள்ள போகமுடியல. ரெண்டு நாளா அண்ணன் தனியா நிக்கிறார்."

எல்விரா திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். சுற்றி முப்பது பேர் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க தனியா இல்லையேப்பா" என்றாள்.

"அங்க இல்ல அண்ணி. இங்க."

திங்கட்கிழமை என்ன நடந்தது என்பது அவளுக்கு நினைவு வந்தது. கனடாவில் இருக்கும் மகள் மரிவிக் பூசையை நேரலையில் பார்க்கவேண்டும் என்று, தங்கை புருஷன் எஃப்ரேன் ஆள் கூட்டிவந்து பழைய இணையப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினான். கம்ப்யூட்டரின் கம்பியையும் அதிலேயே செருகிவிட்டான். அந்தப் புதுப் பெட்டிதான் கதவைச் சாத்தியிருக்கும் என்று ரோமெல் சொன்னதும் எல்விரா எஃப்ரேனிடம் போனாள். அவன் முன்வாசலில் கேமராவை ஒரு நாற்காலியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பெட்டியில ஏதோ கதவைத் தெறக்கணுமாம். உனக்குத் தெரியுமா?"

"எதைத் தெறக்கணும்? அக்கா, கும்பிட்டுக் கேக்கிறேன், அதைத் தொடாத. மரிவிக் ஒரு மணிக்கு உக்காந்துருவா. படம் நின்னுபோச்சுன்னா என்னைத்தான் கிழிப்பா. இந்தக் கேமராவை ஓட்டுறதே எனக்குப் பெரும்பாடா இருக்கு."

எல்விரா அங்கேயே நின்றாள். மகளா, முகம் தெரியாத ஐந்து பேரா? யாரைக் கேட்டாலும் மகள் என்றுதான் சொல்வார்கள். ஆனால் ரெண்டு நாளா தனியா நிக்கிறார் என்ற சொல் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அது எப்படி நிற்கும், எங்கே நிற்கும் என்று எதுவும் புரியாமலே அவள் பின்பக்கம் நடந்தாள்.

சமையலறையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் பெரிய அண்டாவில் கோழிக்கஞ்சி கிளறிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாளாக அவளை அடுப்புப் பக்கமே விடவில்லை. ஆளுக்கொரு கை போட்டுச் சமைத்த சாப்பாடு சப்பென்று இருந்தது. துக்கத்தில் நாக்குச் செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ரூமில் ஹெர்மோவின் நாற்காலி அப்படியே விலகிக் கிடந்தது. மௌஸை அசைத்ததும் திரை வெளிச்சமானது. மரப்பலகைப் படகுத்துறை. அலை அடித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சின்ன மனிதன், முதுகைக் காட்டிக்கொண்டு, தூண்டிலைக் கடலில் போட்டபடி நின்றிருந்தான். கொஞ்சம் கூனியிருந்தான். எல்விரா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"இருக்கார்" என்றாள் போனில்.

ரோமெல் சொல்லச் சொல்லச் செய்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இணையப் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலிருந்து எண்களையும் கடவுச்சொல்லையும் எழுத்தெழுத்தாகக் குத்தினாள். இரண்டு முறை தப்பு என்றது. மூன்றாவது முறை ஒரு பக்கம் திறந்தது. ஒரே ஆங்கிலமும் கட்டங்களுமாக இருந்தது.

"ஃபயர்வால்னு இருக்கா? அதுக்குள்ள போர்ட் ஃபார்வர்டிங்னு ஒண்ணு இருக்கும் பாருங்க."

"அப்படின்னா என்னப்பா?"

"புது வாட்ச்மேன் மாதிரி அண்ணி இந்தப் பெட்டி. பழையவனுக்கு எங்களைத் தெரியும். இவன் யாரையும் உள்ள விடமாட்டான். இந்த எண்ணைச் சொல்லிக்கிட்டு வர்றவங்களை, வீட்டுல இந்த மெஷின்கிட்ட அனுப்புன்னு அவனுக்கு எழுதிக் குடுக்கணும். அவ்வளவுதான்."

ரோமெல் சொன்ன ஐந்திலக்க எண்ணைப் போட்டாள். அடுத்த கட்டத்தில் மெஷினின் முகவரி கேட்டது. அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சுவரில் குழந்தை ஏசு படத்துக்குக் கீழே ஹெர்மோ தன் குண்டுக் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். கடைசியில் பதினைந்து. அப்படியே போட்டுச் சேமித்தாள். முதல்முறையாக அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"வாங்க" என்றாள்.

யாரும் வரவில்லை. மஞ்சள் தொப்பி மட்டும் நின்றது.

போட்டதைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். எண் சரி. எல்லாம் சரி. மணி பன்னிரண்டே முக்கால். வெளியே எஃப்ரேன், "படம் வருது, படம் வருது, யாரும் கையை வைக்காதீங்க" என்று கத்தினான். தங்கை லோர்னா எட்டிப் பார்த்து, "அக்கா, சாமியார் வந்துட்டார். கட்டின புருஷனை விட்டுட்டு இங்க என்ன பண்றே?" என்றாள். எல்விரா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வர்றேன், போ" என்றாள்.

"அண்ணி, அந்த முகவரி எங்கேருந்து எடுத்தீங்க?"

"இவர் சுவத்துல எழுதி வெச்சிருக்கார்."

"அடக் கடவுளே! அது பழைய பெட்டி குடுத்த எண். புதுப் பெட்டி வேற குடுத்திருக்கும். வீடு மாறிப்போனவங்களைப் பழைய வீட்டுல போய்த் தேடுறோம்."

புது எண்ணைத் தேடுவதற்குள் பூசை தொடங்கிவிட்டது. பாட்டுச் சத்தம் சுவர் வழியாக வந்தது. ஹெர்மோவின் எழுத்தை அழிக்கிற மாதிரி இருந்தாலும், பதினைந்தை அடித்துவிட்டு ஏழு என்று போட்டாள். சேமிக்கும் பொத்தானின் மேல் அம்பு நின்றது. மரிவிக்கின் படம் நின்றுபோனால் நிற்கட்டும், அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அழுத்தினாள். பாட்டு நிற்கவில்லை. எஃப்ரேனும் கத்தவில்லை.

படகுத்துறையின் ஓரத்தில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் தோன்றினான். பிறகு ஒரு குடைக்காரி. பிறகு மூன்று பேர். ஓடி வந்தவர்கள், மஞ்சள் தொப்பிக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டார்கள்.

"ஹெட்போன் மாட்டிக்குங்க அண்ணி" என்றான் ரோமெல்.

மாட்டினாள். ஹெர்மோவின் தலையெண்ணெய் வாசனை வந்தது. உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அண்ணி, நான் மெர்லி." அந்தச் சிரிப்புக்காரி. சிரிப்பு இல்லாமல் குரல் அடையாளமே தெரியவில்லை. "முழங்கால் எப்படி இருக்கு? இடதுதானே?"

எல்விராவின் கை தானாக இடது முழங்காலுக்குப் போனது. "உனக்கு யார் சொன்னா?"

"வேற யாரு? படி ஏறுறதுக்குள்ள நாலு தடவை நிக்கிறீங்கன்னு பொலம்புவார். நீங்க மீன்காரியோட போட்ட சண்டையெல்லாம் எங்களுக்குத் தெரியும். மூணு மணிக்கு வந்து உக்காந்தா மொத விஷயம் நீங்கதான்."

"உப்பு விஷயமும் தெரியும்" என்றது இன்னொரு ஆண் குரல்.

"என்ன உப்பு?"

"சும்மா இருடா" என்றான் ரோமெல்.

"சொல்லுங்க. என்ன உப்பு?"

மெர்லிதான் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. நீங்க எல்லாத்துலயும் ஒரு கை உப்பு கூடப் போடுவீங்களாம். கப்பல்ல இப்படிப் போட்டிருந்தா என்னைத் தூக்கிக் கடல்ல வீசியிருப்பாங்கன்னு சிரிப்பார். அப்ப சொல்லவேண்டியதுதானேன்னு நான் கேட்டேன். எதுக்குச் சொல்லணும், உப்பு கொறைஞ்சா அன்னிக்கு அவளுக்கு உடம்பு சரியில்லன்னு அர்த்தம், அந்த நாள்தான் எனக்கு பயம்னார்."

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், சூப்பில் ஒரு வாய் வைத்த ஹெர்மோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் ஆட்டோ கூட்டிவந்தார். எதற்கு என்று கேட்டதற்கும் பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். அவளுக்கே தெரியாதது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அன்று முழுக்க யோசித்து, பிறகு விட்டுவிட்டாள்.

"அக்கா!" லோர்னா கதவைத் தட்டினாள். "பூசை முடிஞ்சுது. தூக்கப் போறாங்க!"

எல்விரா வாயைத் திறந்தாள். மெர்லி முந்திக்கொண்டாள். "ஒண்ணும் சொல்லிடாதீங்க அண்ணி. சாவு வீட்டுல வந்தவங்களுக்கு நன்றி சொல்லக்கூடாது. வழியனுப்பவும் கூடாது. நாங்க பாட்டுக்கு நிக்கிறோம்."

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. திரையில் ஐந்து பேரும் மஞ்சள் தொப்பியின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

சமையலறை காலியாக இருந்தது. எல்லோரும் ஹாலுக்குப் போய்விட்டார்கள். மயானத்திலிருந்து திரும்புகிறவர்களுக்கான கஞ்சி அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. எல்விரா கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி நாக்கில் வைத்துப் பார்த்தாள். சப்பென்று இருந்தது. அலமாரியிலிருந்து உப்பு ஜாடியை எடுத்து ஒரு கை அள்ளிப் போட்டுக் கிளறினாள்.

"என்ன பண்றே நீ?" லோர்னா வாசற்படியில் நின்று பதறினாள். "அவங்க உப்பெல்லாம் பாத்துப் போட்டாச்சு. எல்லாரும் உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க, வா!"

எல்விரா மறுபடியும் ருசி பார்த்தாள். இன்னும் ஒரு கை போட்டாள்.