பாதிக் கோல் அக்காவுடையது

1

இந்தக் கதை என் ஆசையில் பிறந்ததல்ல, அத்தானின் தொல்லையில் பிறந்தது. இரண்டாகக் கழலும் பில்லியர்ட்ஸ் கோலின் முன்பாதியை மரத்திலிருந்து கார்பன் இழைக்கு மாற்றிய நாள்முதல் மனிதருக்கு வேறு பேச்சே இல்லை. வளையாதாம், ஈரத்தில் ஊதாதாம், துடைத்தால் போதுமாம். காது புளித்துப்போய், "எழுதித் தொலைக்கிறேன், ஆளை விடுங்க" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

2

முதல் தொடக்கம்: 'விளக்கொளியில் கறுப்புக் கோல் பளபளத்தது, ஒரு...' (ஒரு என்ன? பாம்பா? சகிக்கவில்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: 'ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவர் ஒருவரும், கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் அவர் மனைவியும் ஒரே கோலால் ஜோடியாக ஆடிவந்தார்கள்.' இது தேவலை. அவர்தான் அத்தான், அவள்தான் என் அக்கா. ஆளுக்கோர் அடி. அவர் அடித்துவிட்டுக் கோலை நீட்டுவார், அவள் வாங்கிக்கொள்வாள். கல்யாணமானதிலிருந்து இப்படித்தான்.*

* கிளப்பில் இரவல் கோல்கள் நிறைய உண்டு. அக்கா தொடமாட்டாள். ஏனென்று கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

3

இனி கொஞ்சம் விளக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள், நானும் பொறுத்துக்கொண்டுதான் கேட்டேன். வெள்ளைப் பந்தின் ஓரத்தில் அடித்தால் மரக்கோல் அதைச் சற்று எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். அது தெரிந்து அக்கா ஒரு நூல் விலக்கிக் குறிவைப்பாள். கார்பன் கோல் அவ்வளவாகத் தள்ளுவதில்லை. ஆனால் அக்காவின் கை பழக்கதோஷத்தில் இன்னும் விலக்கியே குறிவைக்கிறது. பந்து குழியில் விழுவதில்லை. ஊர்க் கண்களையெல்லாம் சரிசெய்பவளுக்குத் தன் கண்மீதே சந்தேகம் வந்துவிட்டது.

"நேரா குறி வைம்மா, அவ்ளோதான்."

"அது எனக்குத் தெரியாதா? கை கேக்கணும்ல?"

"பழகிடும்."

"பழகுறது இருக்கட்டும். மாத்துறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? பாதிக் கோல் என்னுதுங்க."

அத்தான் துணியை எடுத்துக் கோலைத் துடைத்தார். இந்த இடத்தில் அவரைப் பேசவைக்க நானும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன். துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

4

கிளப்பின் ஜோடிப் போட்டி அரையிறுதியில் அத்தான் ஒரு தீர்வு கண்டுபிடித்தார்: அவர் முறைக்குக் கார்பன், அவள் முறைக்கு மரம். ஒவ்வோர் அடிக்கும் கழற்றி, மாட்டி, கழற்றி, மாட்டி... (எழுதவே கை வலிக்கிறது.)

"ஆட வந்தீங்களா, குழாய் மாட்ட வந்தீங்களா?" என்றார் எதிர் ஜோடிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். எப்படியோ அக்காவும் அத்தானும் ஜெயித்தார்கள். வெளியே வந்ததும் அக்கா, "ஃபைனலுக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்றாள். அவள் இல்லாவிட்டால் அத்தானுக்கு ஆட்டமே இல்லை. அது அந்த மனிதருக்கும் தெரியும்.

5

முடிவுகள். (அ) அக்கா கார்பனுக்குப் பழகிக் கோப்பை வாங்குகிறாள். விளம்பரம் மாதிரி இருக்கிறது. (ஆ) அத்தான் மரத்துக்கே திரும்புகிறார். கதைக்குக்கூட நம்ப முடியாது. (இ) இருவரும் தனித்தனிக் கோல் வாங்கி, அவரவர்...

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

6

கண்ணாடிக் கடையில் வைத்து அக்கா இதுவரை எழுதியதைப் படித்தாள்.

"அவர் ஏன் துடைச்சிட்டே இருக்கார்னு நீ எழுதலையே?"

"ஏன்?"

"தப்புப் பண்ணிட்டா எதையாவது துடைப்பார்டா. எங்க வீட்டு அடுப்பு ஏன் அப்படிப் பளபளன்னு இருக்குன்னு நினைக்கிறே?"

"அப்ப ஃபைனல் ஆடுவியா?"

காகிதங்களை என்மேல் எறிந்துவிட்டு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டாள்.

7

ஆனாலும் ஃபைனலுக்கு வந்தாள். மேசை விளிம்பில் மரமும் கார்பனும் அருகருகே கிடந்தன. அத்தான் எதையும் மாட்டவில்லை. மொட்டையாக இருந்த பின்பாதியை அவளிடம் நீட்டினார்.

"நீயே மாட்டும்மா. எதுவானாலும் நானும் அதுலதான் ஆடுவேன்."

அக்கா உடனே வாங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாங்கினாள்.

எதை மாட்டினாள்? வாசகரே, இரண்டும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன, நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள். என்னால் இனி ஒரு வரி எழுத முடியாது. அவள் கேட்கச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவர் கேட்டுவிட்டார், எனக்கு அது போதும். தவிர, கோலின் நுனியில் தேய்க்க எந்தச் சாக்குக்கட்டி நல்லது என்று அத்தான் என் காதருகே ஆரம்பித்துவிட்டார்.