கண் திறக்காத எட்டு அன்னங்கள்

1

இந்தக் கதை ஒரு லாரியின் முதுகிலிருந்து எனக்குக் கிடைத்தது. வாலாஜாபாத் ரயில்வே கேட் மூடியிருந்தது. காஞ்சிபுரம் போகும் பேருந்தில் நான் சன்னலோரம், பக்கத்தில் ஒரு நீள லாரி. அதன்மேல் எட்டு வெள்ளை அன்னங்கள். ஏரிகளில் இரண்டு பேர் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே போவார்களே, அந்த ஃபைபர் மிதிபடகுகள். எட்டும் கழுத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தன என்று எழுதத்தான் கை துடிக்கிறது. பார்க்கவில்லை. ஒன்றுக்கும் கண் இல்லை.

கேட் திறந்தது. லாரி போய்விட்டது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் நான் கட்டிவிட்டது.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. எழுதிப் பார்த்தவை:

"பாலாறு வறண்டு கிடந்த ஒரு பங்குனியில்..." (வேண்டாம். அதைச் சொல்ல ஒரு கதை தேவையா?)

"ரேவதி தன் வாழ்நாளில் படகில் ஏறியதே..." (பொய். அவள் ஏறாத படகு ஷெட்டை விட்டு வெளியே போகாது.)

"தென்னேரியில், ஏரிக்கரையை ஒட்டிய ஷெட்டில், ரேவதி படகு செய்கிறாள்."

இது இருக்கட்டும். விவசாயக் குடும்பத்துப் பெண். முதலில் ஃபைபரில் தண்ணீர்த் தொட்டி செய்தாள், பிறகு பூங்காக்களுக்கு மிதிபடகு. முடிந்த ஒவ்வொரு படகையும் ஏரியில் இறக்கி, தானே ஏறி ஒரு சுற்று மிதிப்பாள். புடவை நனையாமல் கரையேறினால் படகு தேறியது. இப்போது போலந்திலிருந்து முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்திருக்கிறது. அங்கே ஏதோ ஓர் ஏரிக்கரையில் விடுதி நடத்தும் மாரெக் என்பவருக்கு எட்டு அன்னங்கள் வேண்டுமாம்.*

* உலகத்துச் சுங்க இலாகாக்கள் எல்லாம் உல்லாசப் படகுகளுக்கென்று ஒரு தனித் தலைப்பே வைத்திருக்கின்றன என்று படித்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம். மீன் பிடிக்காது, சரக்கு ஏற்றாது, கிளம்பிய கரைக்கே திரும்பி வரும். அப்படிப்பட்ட ஒன்றைக் கப்பலில் ஏற்றிக் கடல் தாண்டி அனுப்புகிறோம். அந்த மிதிபடகு தன் ஆயுளில் பார்க்கப்போகும் ஒரே கடல், பெட்டிக்குள் அடைபட்டுக் கடக்கும் அந்தக் கடல்தான். (பார்க்கும் என்றா எழுதினேன்? கண்தான் இல்லையே.)

3

கண் ஏன் இல்லை? இதற்கு விடை தேடித்தான் குமரகுருவை உண்டாக்கினேன்.

பிள்ளையார்பாளையத்துக்காரன். வீடு முழுக்கத் தறி, இவன் மட்டும் கோயில் வாகனங்கள் செய்கிறான். கைநிறைய வேலை, வாய்நிறையப் பேச்சு. ரேவதியோடு பத்தாவது வரை ஒரே வகுப்பு. அன்னத்தின் தலையையும் கழுத்தையும் அவன் மரத்தில் செதுக்கிக் கொடுக்க, அதிலிருந்து அச்சு எடுத்துத்தான் ரேவதி படகு வார்த்தாள். கடைசி வண்ணப் பூச்சும் அவன் கைதான். முதல் வரைவில் இவனை ஒரு ஞானியாக எழுதியிருந்தேன். இரண்டு பக்கத்தில் எனக்கே சலித்துவிட்டது. இப்போது சும்மா வீம்புக்காரன்.

கோயிலுக்குப் போகும் புது வாகனம் பட்டறையிலிருந்து கண் இல்லாமல்தான் புறப்படும். போய்ச் சேர்ந்த இடத்தில், நாள் பார்த்து, கண்ணாடியும் கன்றோடு பசுவும் காட்டி, செய்தவனே கண் திறப்பான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது. ஆகவே எட்டு அன்னங்களை வைக்கோல் திணித்துக் கட்டி லாரியில் ஏற்றியபோது, ஷெட்டில் ஒருவருக்கும் எதுவும் குறையாகப் படவில்லை.

4

கப்பலில் பெட்டி போலந்து போய்ச் சேர்ந்தது. ஒரு மத்தியானம் வீடியோவில் மாரெக் வந்தார், பின்னால் எட்டு வெள்ளைத் தலைகள். (அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு எழுத வருவது தமிழ்.)

"கண்கள் எங்கே, மேடம்?"

ரேவதி திரும்பி, பக்கத்தில் நின்ற குமரகுருவைப் பார்த்தாள்.

"இன்னாத்த கேக்கறான்? அது அங்க போய்தானே வெக்கணும்? எத்தினி வாகனம் அனுப்பிக்கிறேன், எதுனா கண்ணோட போயிருக்குதா?"

"இது இன்னா கோயிலா, குரு?"

"இல்லதான்," என்றான்.

"உன்ன சொல்லி இன்னாபா. எட்டுலயும் ஏறி நான்தானே ஏரிய சுத்தனேன். அந்த மொட்ட மூஞ்சிக்குப் பின்னாலயே குந்திக்கினு மிதிச்சேன். எனக்கும் தோணல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முதல் ஆர்டர்.

மாரெக் கோபப்படவில்லை. (ஒரு வரைவில் கத்தினார். அடித்துவிட்டேன். தூரத்து ஆளைக் கெட்டவனாக்குவது சுலபம்.) ஞாயிற்றுக்கிழமை விடுதி ஏரியைத் திறக்கிறோம், குழந்தைகள் கண்ணில்லாத பறவையில் ஏற மாட்டார்கள், கண் நன்றாக அமைந்தால் அடுத்து நாற்பது, வேறு வேறு பறவைகளாக என்றார். அதற்குள் தானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஸ்டிக்கர். தூக்கிக் காட்டினார். வறட்டி அகலத்துக்கு நீலக் கண், மேலே சுருட்டிவிட்ட இமைமுடி.

குமரகுரு ஃபோனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அத்த ஒட்டினா, இனிமே என் கை உன் ஷெட்டுல படாது. சொல்டேன்."

வீம்புதான். ஆனால் அவன் கை இல்லாமல் நாற்பது புதுப் பறவைகளுக்கு மூக்கேது, கழுத்தேது? கண் இல்லையென்றால் மாரெக் வாங்க மாட்டார். ஸ்டிக்கர் ஒட்டினால் இவன் செதுக்க மாட்டான். இந்த இடுக்கில் ரேவதியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நான் டீ குடிக்கப் போனேன்.

5

திரும்பி வந்து எழுதிய முடிவுகள்:

அ) ஸ்டிக்கர் ஒட்டப்படுகிறது. குழந்தைகள் கொண்டாடுகிறார்கள். ரேவதி அந்தப் படங்களைத் திறந்து பார்ப்பதே இல்லை. (நடக்கக்கூடியது. அதனாலேயே பிடிக்கவில்லை.)

ஆ) குமரகுரு விமானம் ஏறுகிறான். இரவல் குளிர்கோட்டு, விசா வரிசை என்று இரண்டு பக்கம். (ஞாயிற்றுக்குள் விசா கிடைக்கும் கதையை யார் நம்புவார்கள்?)

இ) ரேவதி தானே...

இந்த மூன்றாவதை என்னால் முடிக்க முடியவில்லை, ஏனென்றால் அதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"குரு, ஃபோன்லயே சொல்லிக் குடேன்."

"யாரு வரையறது?"

"அவருதான்."

"கண்ணாடி வெப்பானா? கண்ணு தொறந்ததும் எதிர்ல கண்ணாடி இருக்கணும். அப்பறம் கன்னோட பசு."

மாரெக்கிடம் அப்படியே சொன்னாள். தயங்காமல் சொன்னாள். நாற்பது பறவை போனாலும் போகட்டும் என்று அந்த நிமிடம் அவள் நினைத்திருக்க வேண்டும். அவர் சிரித்து ஃபோனை வைத்துவிடுவார் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன்.

"கண்ணாடி எதற்கு?" என்று கேட்டார் மாரெக். கேலி இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசை.

"மொத பார்வ பலமா இருக்கும்," என்றான் குமரகுரு. "வேற யார் மேலயும் உழாம, அத்த அதே தாங்கிக்கட்டும்."

ரேவதி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். பசு பக்கத்துப் பண்ணையில் இருக்கிறது, கன்றும் இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன் என்றார் மாரெக்.

6

சனிக்கிழமை. தென்னேரி ஏரிக்கரையில் ரேவதியும் குமரகுருவும், அங்குதான் சிக்னல் ஓரளவு கிடைக்கும். ஃபோனில் போலந்துக் காலை. மாரெக்குக்கு இவர்கள் முகம் தெரியும்படி, திரையை அன்னத்தின் பக்கம் திருப்பி விடுதிப் பெண் ஒருத்தி ஃபோனைப் பிடித்திருக்கிறாள். முதல் அன்னத்தின் எதிரே, உடைமாற்றும் அறையிலிருந்து கழற்றிவந்த கண்ணாடி. சற்றுத் தள்ளி ஒரு பசு புல்லை மேய்கிறது, கன்று மாரெக்கின் சட்டையை நக்குகிறது. அவர் கையில் கறுப்பு மை தோய்த்த தூரிகை. கை நடுங்குகிறது.

"நடுங்கட்டும், பரவால்ல," என்றான் குமரகுரு. குரலில் வீம்பு போய்விட்டிருந்தது. "எனக்கும் நடுங்கும். மூச்ச புடிச்சிக்கச் சொல்லு. வலது கண்ணு மொதல்ல."

ரேவதி சொன்னாள். தூரிகை நெருங்கியது.

படம் உறைந்துவிட்டது. சிக்னல் இல்லை.

(இதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள், அங்கே சிக்னல் அப்படித்தான்.)

ரேவதி திரையைக் கண்ணருகே கொண்டுபோனாள். அன்னத்தின் வெள்ளைக் கன்னம், தொடாமல் நிற்கும் தூரிகை, எதிரே கண்ணாடி. கண்ணாடிக்குள் அந்தப் பெண் ஏந்தியிருக்கும் ஃபோன். அந்தச் சின்னஞ்சிறு திரையில் இரண்டு முகங்கள், பின்னால் ஏரி.

"குரு, அதுல நம்மளும் இருக்கிறோம்பா."

கண் திறந்தால் அது தன்னோடு இவர்களையும் பார்த்துவிடும். குமரகுரு கலைந்திருந்த தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டான். ரேவதி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றாள்.

7

எழுத வேண்டியது இன்னும் ஒரு புள்ளிதான், நான் வைக்க மாட்டேன். நான் பார்த்தது கண்ணில்லாத அன்னங்களை மட்டும். இல்லாததைப் பார்த்ததாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தூரிகையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலது கண் முதலில். அங்கே, கண்ணாடிக்குள், இரண்டு பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள்.