ஆலமரத்து ஐயாவுக்கு நேர்ந்த ஆட்டம்

வினிட் ஜெனரலான கதையைக் குரங்குகளுக்குப் பேர்போன எங்கள் லொப்புரி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒழுங்காகக் கேட்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். என் நூடுல்ஸ் கடை ஆலமரத்து ஐயா கோயிலுக்கு நேர் எதிரே. வினிட் வீடு பின் சந்தில்.

மனிதர் துப்பாக்கிச் சத்தத்தை அணிவகுப்பில் மட்டும் கேட்டவர். மேலதிகாரிகளுக்குக் குடை பிடித்தார், கோல்ஃபில் பார்த்துப் பார்த்துத் தோற்றார், அவர்கள் வீட்டு மாமியார்கள் செத்தால் முதல் மலர்வளையம் அவருடையதுதான். மாமியாருக்கொரு நட்சத்திரமாகத் தோளில் ஏறியது. ஜெனரலாக்கும் கடைசி நட்சத்திரம் மட்டும், பதவி உயர்வுப் பட்டியல் வரும் செப்டம்பர்தோறும் வேறு தோளில் போய் உட்கார்ந்தது. இந்தச் செப்டம்பரும் தவறினால் அடுத்தது ஓய்வுதான்.

போட்டிக்கு நின்ற சனிட்டின் மனைவி ஐயாவுக்குப் பன்றித் தலைகள் நேர்ந்துவிட்டுப் போனாள். அதை வினிட்டின் மனைவி புப்பா காதில் போட்டது யார் என்று கேட்காதீர்கள். மறுநாளே ஊதுவத்தியோடு வந்துவிட்டாள்.

"ஐயா, நட்சத்திரம் மட்டும் வரட்டும். எல்லாரையும் மாதிரி கூலிக்கு ஆட்டக்காரிங்களை வைக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரரே உங்க முன்னாடி ஆடுவாரு!"

அரச ஆணை வந்தது. நட்சத்திரம் உறுதியானது. பின் சந்தில் கூச்சலும் கிளம்பியது.

"என்னது, நான் ஆடணுமா?"

"நேர்ந்தது நேர்ந்ததுதாங்க. செய்யலேன்னா குடுத்தவரு திருப்பி வாங்கிக்குவாரு."

"ஜெனரல் எதையும் தானே செய்யமாட்டான்டி. ஆளை அனுப்புவான்."

அனுப்பினார். பதவியேற்புக்கு முந்தின நாள் டிரைவர் பூன் ஜெனரலின் புது வெள்ளைச் சீருடையில் வந்து நின்றான். தொப்பைமேல் பித்தான் பூட்ட முடியவில்லை. கோயில் மத்தளக்காரர் தட்ட, பூன் கையை ஒருமுறை வளைத்தான். அவ்வளவுதான். மரத்திலிருந்து இறங்கிய குரங்கு அவன் தலையிலிருந்த ஜெனரலின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு கிளையேறிவிட்டது. பாங்காக்கில் தைத்து வந்த ஒரே தொப்பி! அதில்லாமல் நாளைக்கு எப்படி நிற்பது?

செய்தி கேட்டு வினிட் ஓடி வந்தார்.

"பூன், ஏறுடா!"

"தொப்பை இடிக்குதுங்கய்யா."

"அந்தக் குரங்கைச் சுட்டுத் தள்ளுறேன் பாரு!"

"அதுங்க ஐயாவோட புள்ளைங்க, சுட்டுராதீங்க," என்று ஒரு வாழைப்பழத்தை நீட்டினேன். "இதைக் காட்டுங்க."

பழத்தைத் தூக்கிப் பிடித்துக் குதித்தார். குரங்கு இடது கிளைக்குப் போனால் இவரும் இடது பக்கம். அது வலதுக்குத் தாவினால் இவரும் வலது பக்கம். ஒரு கை மேலே, ஒரு கை இடுப்பில், இடுப்பு தன்பாட்டுக்கு ஒரு பக்கம். மத்தளக்காரர் கை சும்மா இருக்குமா? தாளம் பிடித்துக்கொண்டது. சந்தையே கூடிக் கைதட்டியது. கடைசியில் குரங்கு பழத்தைப் பறித்துக்கொண்டு தொப்பியைக் கீழே போட்டது.

புப்பா தரையில் விழுந்து கும்பிட்டாள். "ஏத்துக்கிட்டீங்களே ஐயா!"

"நான் எங்கடி ஆடினேன்? தொப்பியைத்தானே எடுத்தேன்," என்றார் வினிட், மூச்சு வாங்க.

"வாயை மூடுங்க! ஆடலேன்னு அவர் காதுல விழுந்துடப்போகுது."

ஜெனரல் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் எடுத்த படம் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. தொப்பி விளிம்பில் பல் தடம் தெளிவாகத் தெரியும். கேட்பவர்களிடம் எல்லைச் சண்டையில் பட்டது என்கிறாராம். என் கடைக்கு மட்டும் நூடுல்ஸ் சாப்பிட வருவதில்லை.