செடர் மலையில் கூப்பிட்ட பெயர்

அன்றைக்கு இங்கிலாந்தின் செடர் பள்ளத்தாக்கின் மேற்பாதையில் நின்றவர்கள் இவர்கள்தான்: வெம்பிளி பத்மநாதன், அவர் மனைவி கமலாம்பிகை, மகன் சேகர், மருமகள் வாசுகி, வாசுகியின் தாய் சிவனேஸ்வரி. வெஸ்ட் ஈலிங்கிலிருந்து ஒரு கோச் பஸ் நிறைய நம்மவர்களும் வந்திருந்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூடக் கமலாம்பிகைக்குப் பக்கத்தில் நிற்கவில்லை.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, ஆகஸ்ட் விடுமுறை. விடியமுன் லண்டனை விட்டு வெளிக்கிட்டு, கார் நிறுத்துமிடத்தில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினார்கள். பத்மநாதன் கோட்டும் கழுத்தில் ரையும் காலில் பளபளத்த சப்பாத்துமாக முன்னுக்கு நடந்தார். அந்த வீட்டில் அவர்தான் முன்னுக்கு நடப்பார். கமலாம்பிகை நாலடி பின்னால். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான், வெம்பிளி ஹை றோட்டிலும் அப்படித்தான்.

அவர் பெயரையும் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அகதி விண்ணப்பத்துக்கான நேர்காணலில் அதிகாரி கணவர் பெயரைக் கேட்டபோது, பாஸ்போட்டை விரித்து விரலால் தொட்டுக் காட்டினாள். அதிகாரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது வெட்கமல்ல, வீட்டின் மரியாதை.

உச்சியில் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் புகார், அடர்ந்த பனிமூட்டம், வந்து மூடியது. பக்கத்தில் நின்ற வாசுகியின் சிவப்பு மழைச்சட்டையே மங்கிப்போயிற்று. முன்னால் போன பத்மநாதனைக் காணவில்லை. வலப்பக்கம் செம்மறிகள் மேயும் புல்வெளி. இடப்பக்கம் வெறும் பாறை விளிம்பு. அதற்குக் கீழே, ஆழக் கிடங்கின் அடியில், தார் றோட்டு.

"அப்பா!" என்று சேகர் கத்தினான்.

"ஓம், இஞ்சை நிக்கிறன்," என்றது ஒரு குரல். சேகர் தட்டுத்தடுமாறி அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தான். "அது வேற ஆரோவின்ரை அப்பா."

கோச்சில் வந்த பிள்ளைகளும் புகாருக்குள் அப்பா, மாமா, அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசுகி "மாமா" என்றாள். இரண்டு பேர் பதில் சொன்னார்கள். பத்மநாதன் சொல்லவில்லை. அவரைத் தெரியாதா? ஊரார் பிள்ளைகள் கத்துகிறார்கள் என்று நினைத்து நடந்துகொண்டேதான் இருப்பார். எந்தப் பக்கம் நடக்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

"பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ, சம்பந்தி," என்றாள் சிவனேஸ்வரி. "உங்கடை குரல் அவருக்குத் தெரியும். இது சாத்திரம் பாக்கிற நேரமே?"

"சேகர் கூப்பிடட்டும்."

"தகப்பன்ரை பெயரை மகன் கத்திறதோ? அது மட்டும் மரியாதையோ?"

கமலாம்பிகை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். சொல்வதென்றால் அரைகுறையாகச் சொல்லக்கூடாது என்று அவளுக்குப் பட்டது.

"அரியாலை சின்னத்துரை பத்மநாதன்!"

ஊர்ப் பெயரும், அதுவரை வாயில் எடுத்திராத மாமனார் பெயரும், கணவர் பெயரும் எதிர்ப்பாறையில் மோதித் திரும்பி வந்தன. புகாருக்குள் அத்தனை குரல்களும் அடங்கின.

"நிக்கிறன்," என்றார் பத்மநாதன், இடப்பக்கத்திலிருந்து. குரல் மிகக் கிட்டக் கேட்டது.

"அசையாதேங்கோ. சேகர் வாறான்."

சேகர் தவழ்ந்து போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். சப்பாத்து முழுக்கச் சேறு. விளிம்புக்கு எவ்வளவு கிட்ட நின்றார் என்று சேகர் அன்று சொல்லவில்லை. கூட்டிவந்த பிறகும் கொஞ்ச நேரம் அவன் தகப்பனின் கையை விடவில்லை.

பத்மநாதன் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். "உமக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கெண்டு இத்தினை வருஷமாச் சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லை."

"என்ரை அப்புவின்ரை பெயரையும் சேத்தெல்லோ சொன்னனீர்."

"வேற பத்மநாதன் ஆரும் வந்தால்?"

அவர் சிரிப்பை அடக்க ரையைச் சரிசெய்தார். பிறகு பாதையோரம் ஒதுங்கி நின்றார். "முன்னுக்கு நடவும்."

அவள் நடந்தாள். தலை குனியவில்லை. காரடிக்கு வரும்வரை அவர் நாலடி பின்னால் வந்தார்.

பத்மநாதன்ரை மனிசி நாலு சனத்துக்கு முன்னால் புருஷனை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று வெம்பிளிக் கடைகளில் இன்றைக்கும் ஒரு கதை இருக்கிறது. அது பிழை. ஊர்ப் பெயரும் தகப்பன் பெயரும் சேர்த்துத்தான் கூப்பிட்டாள்.